ஸ்டாப் வாட்சுக்கு ஒரு கும்பிடு

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. கையை மட்டும் காட்டிடாதீங்க. மீதியை நாங்க பார்த்துக்கறோம்."

வீரமலை சின்னையனிடம் சொல்லி வாயை மூடவில்லை, ஸ்டாப் வாட்சும் கையுமாகத் தர்மராஜ் ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

அறுபதுகளில் மன்னார்புரத்தில் தண்ணீர்ப் பம்பு செய்துகொண்டிருந்த கம்பெனி அது. மேனேஜர் அற்புதசாமிக்குத் திடீரென்று சிக்கனப் பைத்தியம் பிடித்தது. 'வீண் நேரத்தை ஒழிப்போம்' என்று சுவர் முழுக்கப் பெயின்டால் எழுத வைத்தார். எழுதி முடிக்கிறவரை ஒரு மெஷினும் ஓடவில்லை, அதைக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

அதோடு விட்டாரா? ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி என்று ஏற்றிக் கணக்குப் போட்டுக் கொடுக்க மெட்ராஸிலிருந்து தர்மராஜை வரவழைத்தார். அந்தக் கணக்கை எட்டாதவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

யார் எட்ட மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். ட்ரில்லிங் மெஷின் சின்னையன். போன வருஷம் இடது கையில் மூன்று விரல் போனதிலிருந்து, பாவம், அவருக்கு வேலை இழுத்துக்கொண்டே போகிறது; இப்போதைய அளவையே முக்கி முனகித்தான் முடிக்கிறார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான்.

ஷெட்டே கூடிப் பேசியது. அவரால் நம் வேகத்துக்கு ஏற முடியாது. சரி, நாம் எல்லோரும் அவர் வேகத்துக்கு இறங்கிவிட்டால் போச்சு!

"ஆரம்பிக்கலாமா?" என்றார் தர்மராஜ்.

"தாராளமா சார்."

வீரமலை ஒரு இரும்பை எடுத்தான். தட்டினான். காதில் வைத்துக் கேட்டான். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டான்.

"என்ன செய்றீங்க?"

"மலைக்கோட்டைப் பிள்ளையார் சார். அவர்கிட்ட சொல்லாம ஓட்டை போட்டதே இல்ல."

"ஒவ்வொரு உருப்படிக்குமா?"

"பின்னே? ஒண்ணுக்குக் கும்பிட்டு இன்னொண்ணுக்கு விட்டா கோவிச்சுக்க மாட்டாரா?"

தர்மராஜ் வாட்சைப் பார்த்தார். வீரமலையைப் பார்த்தார்.

"மலைக்கோட்டை வடக்கால இல்ல இருக்கு? நீங்க கும்பிடறது பொன்மலைப் பக்கம்."

பக்கத்து லேத்தில் நின்ற பிலோமின்ராஜ் இருமுகிற சாக்கில் சிரிப்பை விழுங்கினான்.

"வடக்கால சுவர் மறைக்குது சார்."

"ஓ!" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார்.

பிலோமின்ராஜ் மட்டும் இளைத்தவனா? கை வழுக்குகிறது என்று குழாயடிக்குப் போனான். போனவன் ஷெட்டைப் பிரதட்சணம் வந்து திரும்பினான். கை காய்கிறவரை நின்று ஊதிக்கொண்டிருந்தான். அதுவும் எழுதப்பட்டது. எதைச் சொன்னாலும் நம்பி எழுதிக்கொள்கிற இப்படி ஒரு மண்ணாந்தைக்குச் சம்பளம் கொடுத்து யார் வைத்திருக்கிறார்கள் என்று வீரமலைக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் தர்மராஜ் சின்னையனிடம் போனார்.

போனவர் அங்கேயே நின்றுவிட்டார். சின்னையனுக்கு வியர்த்துக் கொட்டியது. தர்மராஜின் பார்வையைத் திருப்ப வீரமலை ஒரு டப்பா போல்ட்டைத் தடாலென்று கீழே தட்டிவிட்டான். மனுஷன் திரும்பினால்தானே!

சாயங்காலம் எல்லோரையும் கூட்டி வைத்துக் கணக்கைச் சொன்னார்கள். பழைய அளவே போதும். ஒரு உருப்படிகூட ஏற்றவில்லை.

"நாள் பூரா நின்னு பார்த்து இதுதானா?" என்று அற்புதசாமி எகிறினார்.

"இங்கே இதுக்கு மேல முடியாது சார். பக்தி ஜாஸ்தி" என்றார் தர்மராஜ்.

சின்னையன் வீரமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். "உசிரைக் காப்பாத்திட்டடா தம்பி!"

வீரமலைக்குத் தலை கால் புரியவில்லை. அதே மிதப்பில் பஸ் ஸ்டாப்புக்கு வந்தால், அங்கே தர்மராஜ் தனியாக நிற்கிறார். சும்மா போக மனசு வருமா?

"என்ன சார், ஸ்ரீரங்கமா? பெருமாள் சேவையா?"

"அக்கா வீடு அங்கேதான்." தர்மராஜ் சிரித்தார். "வீரமலை, நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் லேத்துல நின்னவன். வாட்சோட ஒருத்தன் வந்தா உங்களைவிட நல்லா நடிப்பேன்."

வீரமலை குரலைத் தாழ்த்தினான்.

"அப்போ... சின்னையன் அண்ணன் கை?"

"பார்க்காமலா? அதைப் பார்த்துத்தான் கணக்கை ஏத்தாம விட்டேன்."

இந்த ஆளையா மண்ணாந்தை என்று நினைத்தோம்! வீரமலைக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டான். இந்தத் தடவை நிஜமாகவே.

"ரொம்ப நன்றி சார். அண்ணனுக்காக நாங்க எதையும் செய்வோம் சார்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"இரும்பு வைக்கிற தொட்டி அவருக்கு இடது பக்கம் கிடக்கு. அந்த ரெண்டு விரலை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பொறுக்கிட்டிருக்கார் மனுஷன். எதையும் செய்வீங்க, சரி. ஒரு வருஷமா அந்தத் தொட்டியை வலது பக்கம் இழுத்துப்போட ஒருத்தருக்கும் தோணலையாய்யா?"