பெடலுக்கு ஒரு சொட்டுச் சிவப்பு

மழை விட்ட மாலை வெயில், முற்றத்தில் கவிழ்த்து வைத்த சைக்கிளின் கம்பிகளில் மினுங்குகிறது. கருங்கல் இறக்கத்தில் இன்றும் கழன்று விழுந்த இடது பெடலின் மரையை ஜாஸ்பின் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறாள். "எவ்வளவு முறுக்குனாலும் இளகிடுது. நெயில் பாலிஷ் ரெண்டு சொட்டு விட்டா காஞ்சு பிடிச்சுக்கிடும்" என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறாள். அதைக் கேட்ட அம்மா நேசபாய் உள்ளே போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புக் குப்பியை எடுத்து வந்து நீட்டுகிறாள். ஜாஸ்பின் அதைத் திருப்பிப் பார்க்கிறாள். "அக்கா கல்யாணத்துக்கு நான் வாங்கினதுல்லா? குளத்துல எறிஞ்சாச்சுன்னு சொன்ன?" "நகத்துல சாயம் போட்டா பாவம்னு ஜெபக்கூட்டத்துல சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன். எறியவும் மனசு வரல்ல மக்களே." "சைக்கிளுக்குப் போட்டா பாவமில்லியா?" கல்யாண வீட்டில் நகம் சிவந்த மற்றப் பெண்பிள்ளைகளுக்கு நடுவே, கைகளை ஷாலுக்குள் ஒளித்துக்கொண்டு நின்ற மகளை நேசபாயால் இன்னும் பார்க்க முடிகிறது. ஜாஸ்பின் குப்பியைத் திறந்து பிரஷ்ஷால் பூச, கெட்டியாகிவிட்ட சிவப்பு மரையைச் சுற்றி மெல்ல இழைகிறது. ஜாஸ்பின் பெடலைத் திருகி, ஸ்பேனரால் இறுக்குகிறாள். பிரஷ்ஷில் இன்னும் ஒரு சொட்டு தொங்குகிறது. "ஒரு விரல்ல போட்டுப் பாரேன் மக்களே." நேசபாயின் குரல் கெஞ்சலாக வருகிறது. ஜாஸ்பின் நிமிர்ந்து சிரிக்கிறாள். அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. "இனி எதுக்கும்மா? சைக்கிளுக்கே இருக்கட்டும்." குப்பியை மூடி, ஸ்பேனரோடு சேர்த்து, நட்டும் போல்டும் கிடக்கிற தகர டப்பாவில் போடுகிறாள்.