இருபத்திநாலு பேர்

"டிஸ்க் கரகரங்குது அண்ணே. நின்னு போச்சுன்னா அந்த இருபத்திநாலு பேரும் எங்க போவாங்க?"

நண்பனின் மனைவி இப்படிக் கேட்டபோது நான் செருப்பைக்கூடக் கழற்றி முடிக்கவில்லை.

உள்ளறையில் கட்டிலில் அவன். கால்மாட்டில் மேஜை, அதன் மேல் அந்தக் கம்ப்யூட்டர். போன வருஷம் பக்கவாதம் வந்து அவனுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். என்னைக் கண்டதும் இடக்கையைத் தூக்கினான். கையைப் பிடித்துக்கொண்டேன், ஆனால் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

விஷயம் இதுதான். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள், இலவசம். உலகத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே இடத்தில் போய் அதை இறக்கினால் அந்த இடம் மூச்சு முட்டிப் போகும். அதனால் எங்களைப் போன்ற சில கிறுக்கர்கள் அதன் முழு நகலையும் சொந்தச் செலவில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுப்போம். மிரர் என்று பெயர். எந்த மிரர் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் என் பொறுப்பு. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆட்கள் வருவார்கள்.

இவன் பதினோரு வருஷமாக வீட்டிலேயே மிரர் நடத்துகிறவன். ஒரு நாளைக்கு நாலாயிரம் பேர் வந்த காலமெல்லாம் உண்டு.

"நேத்தும் இருபத்திநாலு," என்று அவள் திரையைக் காட்டினாள். "தினம் காலைல நான்தான் இவருக்கு வாசிச்சுச் சொல்வேன். கூடாது, குறையாது. நல்ல வாடிக்கைக்காரங்க அண்ணே. போன மாசம் ஒரே ஒரு நாள் இருபத்தொண்ணு ஆச்சு. யாருக்கு என்னவோன்னு எனக்கு அன்னிக்கு சாப்பாடே இறங்கல."

அவன் லேசாகச் சிரித்தான்.

வந்து போகிறவர்களின் கம்ப்யூட்டர் முகவரி வரிவரியாகப் பதிவாகியிருக்கும். அதைத் திறந்தேன்.

எல்லா வரியிலும் ஒரே முகவரி. மணிக்கு ஒரு தடவை. நாளைக்கு இருபத்திநாலு.

அந்த முகவரி எனக்குத் தெரியாதா என்ன? எந்த மிரர் உயிரோடு இருக்கிறது என்று மணிக்கொரு தடவை எட்டிப் பார்க்க நானே எழுதி வைத்த புரோகிராம். போன மாசம் ஒரு நாள், அந்தப் புரோகிராம் ஓடுகிற என் சர்வர் கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் படுத்துவிட்டது. அன்றைக்குத்தான் இருபத்தொண்ணு.

வேறு ஈ காக்கைகூட வருவதில்லை. எப்படி வரும்? அவனைப் பட்டியலிலிருந்து தூக்கி இரண்டு வருஷம் ஆகிறது. தூக்கியது நான்.

ஒரு கல்லூரி மிரர் வைக்க முன்வந்தது. இவன் வீட்டு இன்டர்நெட் லைனைவிட நூறு மடங்கு வேகம். இவன் இடத்தில் அதைப் போட முடிவு செய்தேன். ஒருவரை நீக்கும் முன் அவருக்குக் கடிதம் எழுதிச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு, அதை எழுதிய மகானும் நான்தான். உட்கார்ந்தேன். அவன் பெயர் வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஆள் வரத்து குறைந்தால் அவனே போன் பண்ணிக் கேட்பான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சோதனைப் புரோகிராமிலிருந்து மட்டும் அவனை எடுக்கவில்லை. பாசம் ஒன்றும் இல்லை. அதிலிருந்து எடுத்தால் 'உங்கள் மிரர் நீக்கப்பட்டது' என்று தானாகவே அவனுக்கு மெயில் போய்விடும். அதற்குப் பயந்துகொண்டு விட்டுவைத்தேன். வடிகட்டின கோழை.

அவன் போன் பண்ணவே இல்லை. பிறகு அவன் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது? இன்றைக்கும் அவள் கூப்பிட்டதால்தான் வந்தேன்.

சொல்லிவிட வேண்டும். தங்கச்சி, இங்கே யாரும் வருவதில்லை, அணைத்துவிடு, தப்பு என்னுடையது. அவ்வளவுதான். ஆனால் சொல்லிவிட்டால் நாளைக் காலையில் இவள் இவனுக்கு எதை வாசிப்பாள்? மருந்துச் சீட்டையா?

நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் டீ போட உள்ளே போய்விட்டாள்.

அவன் என் கையை இழுத்தான். குனிந்தேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னான்.

"மணிக்கொரு தடவை வந்துட்டுதான்டா போற. வீட்டுக்குள்ள வரத்தான் ரெண்டு வருஷம் ஆயிருக்கு."

சட்டென்று நிமிர்ந்தேன்.

"தெரியுமாடா உனக்கு?"

"மொத நாளே தெரியும். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினான். "இப்ப சொல்லிடாத. எனக்கு ஆறுதல்னு நெனச்சு வாசிக்கிறா. நானும் கேட்டுக்கறேன். அந்த ஒரு நேரந்தான் அவ சிரிக்கிறா."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் டீயோடு வந்துவிட்டாள்.

டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும், நாளைக்கு நானே கொண்டுவந்து போடுகிறேன், அரை நாள் நிறுத்த வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"அரை நாளா? கோவிச்சுக்கிட்டு வேற எடத்துக்குப் போயிட மாட்டாங்களே அண்ணே?"

கட்டிலில் இருந்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போக மாட்டாங்க தங்கச்சி," என்றேன், இருபத்திநாலு பேர் சார்பிலும்.