மிச்சத் தோல்

சர்க்கரைக்குப் பயந்து உடம்பைப் பாதியாக்கிய பிறகு, மூட்டை தூக்குபவருக்குத் தோல் ஒரு கவலையாகிவிட்டது. வயிற்றில் அது காலிச் சாக்குபோலத் தொங்கியது.

"என்னண்ணே, சட்டைக்குள்ள இன்னொரு சட்டையா?" என்று கிடங்கில் சிரித்தார்கள்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இது தானாச் சுருங்கிடுமா டாக்டர்?"

டாக்டர் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். "போகப்போகக் கொஞ்சம் சுருங்கும்."

அவர் முகம் வாடியது. "அப்ப இப்பவே அறுத்துடுங்க."

"அழகுக்காக எதுக்குங்க இவ்வளவு பெரிய ஆபரேஷன்? மூட்டை தூக்குற உடம்பு. மாசக்கணக்குல குனிய முடியாது."

"பரவாயில்ல. அறுத்த தோலை என்ன செய்வீங்க?"

"எரிச்சிடுவோம்."

"வேணாம் டாக்டர். எரிஞ்சவரைக்கும் போதும்" என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். "டேய், உள்ள வா."

வந்தவருக்கும் அதே மூக்கு, அதே நெற்றி. மோவாய்க்குக் கீழேதான் வெந்துபோன கழுத்து நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

"நாங்க இரட்டைப் பிள்ளைங்க டாக்டர், ஒரே அச்சு. பாய்லர் வெடிச்சதுல, எடுத்து ஒட்டுறதுக்கு இவன் உடம்புல நல்ல தோல் மிச்சமில்ல. என் தோல் இவனுக்கு ஒட்டும்னு பெரியாஸ்பத்திரியில சொன்னாங்க. சுருங்குறதுக்குள்ள எடுத்துடுங்க."

டாக்டர் நாற்காலியைத் தம்பியின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நிமிர முடியாத தம்பி தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "சின்ன வயசுலேர்ந்து என் பங்கையும் சேர்த்துத் தின்னவன் டாக்டர். தோல் இவ்வளவுதான் இருக்கான்னு நல்லாத் தேடிப் பாருங்க."