தானா ஆறின புண்ணு

காலை வெயில் ஊசி போடும் அறையின் மேசைமேல் சாய்வாக விழுகிறது. நர்ஸ் பென்சிலின் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுகிறாள். பொடி கரைந்து பாலாகிறது. ஸ்டூலில் ஆறு மாதக் கர்ப்பிணி. ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் என்று வந்திருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அவள் முன்கையில் குத்திய இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். அரை மணி நேரமாகியும் தடிக்கவில்லை. “ஒத்துக்கிச்சும்மா. இப்பப் போட்டா குழந்தையைக் காப்பாத்திடலாம். ஆனா அவரும் போட்டுக்கணும். இல்லேன்னா திரும்ப உனக்கே வந்துடும்.” கணவன் கதவில் சாய்ந்து நிற்கிறான். “எனக்கு எதுக்கு சிஸ்டர்? நான் கல்லு மாதிரி இருக்கேன். அந்தப் புண்ணுகூடத் தானா ஆறிடுச்சே.”

“எந்தப் புண்ணு?” என்கிறாள் மனைவி, குரலை உயர்த்தாமல். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. “அது ஆறலப்பா, உள்ள போய் உக்காந்திருக்கு” என்கிறாள் நர்ஸ். அவள் பார்ப்பது அவன் கால்களை. இப்படி நின்றவர்களில் பாதிப் பேர் அப்படியே இறங்கிப் போயிருக்கிறார்கள், திரும்பி வந்ததில்லை. அவன் கால் வாசல் பக்கம் திரும்புகிறது. மனைவி எழுந்து போய் மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வருகிறாள். சட்டைக் கையை அவளே மடித்து விடுகிறாள். “சண்டையை வீட்டுல வச்சுக்கலாம். இப்பக் கையை நீட்டுங்க.” அவன் நீட்டுகிறான். நர்ஸ் அவன் முன்கையிலும் சோதனை ஊசியைக் குத்தி வட்டம் போட்டு முடிக்கும்வரை மனைவி பிடியைத் தளர்த்தவில்லை; முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.