காலை பஸ்ஸில் வந்த மாற்றம்

“உள்ள வந்து என் பக்கத்துல நில்லுடி!”

“வேணாம் மிஸ். இங்கயே நிக்கறேன்.”

கல்பனா டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் லேட்டாக வருவது போதாதென்று, வாசலை விட்டு நகரமாட்டேன் என்று வீம்பு வேறு! நன்றாக இருந்த பெண்தான். பனித்திட்டு கிராமத்திலிருந்து வரும் இந்தக் கீர்த்திக்கு இந்த மாசம் என்ன வந்ததோ தெரியவில்லை.

“சரி, அங்கயே நில்லு. நேத்து இங்கிலீஷ்ல நடத்துன ‘பிரிங் அபவுட்’டுக்கு அர்த்தம் சொல்லு பார்ப்போம்.”

“ஒரு மாற்றம் தானா வராது மிஸ். யாராவது வர வைக்கணும். அப்படி வர வைக்கறதுதான்.”

டீச்சருக்கு இன்னும் கடுப்பு.

“பெருசா சொல்லிட்டா! எங்க, சொந்தமா ஒரு வாக்கியம் சொல்லு.”

கீர்த்தி தயங்கினாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீஷில் சொன்னாள். ஒரே ஒரு புகார் எங்கள் பஸ்ஸில் பெரிய மாற்றத்தை உண்டாக்கிவிட்டது என்று அர்த்தம். வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை.

“அதென்னடி மாற்றம்?”

“காலைல பஸ்ஸுல மீன் கூடைய ஏத்தறதில்ல மிஸ். யாரோ ஒருத்தவங்க பொடவைல மீன் தண்ணி பட்டுச்சாம், கண்டக்டர்கிட்ட சொல்லிட்டாங்க. இன்னா பண்றது? அம்மா தலைல ஒண்ணு, என் தலைல ஒண்ணு. நடந்தே வந்து பாகூர் மார்க்கெட்டுல எறக்கிட்டு அப்படியே ஸ்கூலுக்கு ஓடியாறேன்.”

டீச்சரின் கை தானாகப் புடவைக் கொசுவத்துக்குப் போனது.

‘ஒண்ணு அந்தக் கூடை எறங்கணும், இல்ல நான் எறங்கறேன்!’ என்று பஸ்ஸே வேடிக்கை பார்க்கக் கத்தியது சாட்சாத் அவளேதான். மறுநாளிலிருந்து கூடைகளைக் காணோம். ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. ஐயோ, வெட்கம் பிடுங்கித் தின்றது! நல்லவேளை, அது யாரென்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

“சரி சரி, போகட்டும். உள்ள வாம்மா. முன் பெஞ்சுல உக்காரு.”

கீர்த்தி அப்போதும் நகரவில்லை.

“பரவால்ல மிஸ். உங்களுக்கு மீன் வாடை ஒத்துக்காதாமே... கிட்டப் போயி நிக்காதடின்னு அம்மாதான் சொல்லி அனுப்புச்சு.”