ஆபீஸில் இருப்பவள்

சென்னை வேலையை விட்டுவிட்டு முபீனா மரக்காணத்துக்குத் திரும்பி இரண்டு மாதமாகியிருந்தது. எவ்வளவு தூங்கியும் களைப்பு குறையவில்லை. அன்று மதியம், கூட வேலை பார்த்த மேரிசெல்வி போன் செய்தாள்.

"ஏன்டி, வேலைய விட்டுட்டேன்னு சொல்லிட்டு தினமும் வர்றே? மேனேஜர் கத்துனா தலைய குனிஞ்சிக்கினு நிக்கிறே. என்கிட்டகூட பேச மாட்டேங்குறே!"

"நான் எங்க ஊர்லதான்டி இருக்கேன்."

"அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாரு?"

முபீனா எழுந்து உட்கார்ந்தாள். "போனை அவ காதுல வை," என்றாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"போதும். யார்கிட்டயும் கேக்காதே. பைய எடுத்துக்கினு கிளம்பி வா," என்று முபீனா அவளிடம் சொன்னாள்.

மாலை ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து வந்த பாண்டிச்சேரி பஸ் நின்று புறப்பட்டது. கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு ஒருத்தி உப்பள வரப்பில் மெதுவாக நடந்து வந்தாள். முபீனாவின் முகமேதான், கண்கள் மட்டும் உள்ளே போயிருந்தன. முபீனா ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

அம்மா ஷமீமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடிப்பாவி, இவ்ளோ நாளா இவள அங்கயே விட்டுட்டா வந்தே?" என்று திட்டிக்கொண்டே இன்னொரு தட்டில் சோறு போட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது.