ஏழு மணிக் கார்

"டயர் போனாப் போவுது தம்பி. உரசுற சத்தம் மட்டும் வரவே கூடாது."

மோகனா சொன்னதைக் கேட்டுக் குகனுக்குச் சிரிப்பு வந்தது. ஜாசினில் இருக்கும் அவன் பட்டறைக்கு வருகிறவர்கள் டயர் கிழிகிறது என்றுதான் வருவார்கள். வெறும் சத்தத்துக்காக மஸ்ஜித் தானாவிலிருந்து ஒரு மணி நேரம் பயணம் செய்து யாரும் வந்ததில்லை.

தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது அந்த வெள்ளைக் கார். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பை போட்டது. காற்றை இறக்கினால் கார் இப்படிப் படுத்துவிடும், ஏற்றினால் எழும்பும். அதை ஓட்டி வந்த தினேஸ்வரன் கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

குகன் காரை ஏற்றிப் பின்சக்கரத்தைக் கழற்றினான். சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டின் உள்விளிம்பு தேய்ந்து பளபளத்தது.

"ரிம்முக்குப் பின்னால ஸ்பேசர் வளையம் வச்சு சக்கரத்த வெளிய தள்ளியிருக்கு. ரோட்டு பம்ப்புல ஏறி எறங்குறப்ப டயர் போய்த் தகட்டுல உரசுது. யார் செஞ்ச வேல இது?"

"எம் மவன்தான்," என்றாள் மோகனா. "ஒரு சனிக்கிழம பூரா வெயில்ல உக்காந்து செஞ்சான்."

குகன் தினேஸ்வரனைப் பார்த்தான். "என்னா தம்பி, செய்யறதுக்கு முன்னால அளந்து பாக்க வேணாமா? அழகா இருந்தாப் போதுமா? அம்மா எவ்ளோ பயந்து போயிருக்காங்க பாரு."

தினேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். "சாரிண்ணே."

"அவனத் திட்டாத தம்பி," என்றாள் மோகனா அவசரமாக.

"சரி, வளையத்த எடுத்துடலாம். உள்விளிம்ப மடக்கி விட்டுடறேன். ஓடுற உயரத்தையும் ரெண்டு விரக்கட ஏத்தணும். ஆனா பழைய ஸ்டைல் இருக்காது, பரவால்லயா?"

மோகனா தினேஸ்வரனைப் பார்த்தாள். மறுத்துவிடுவானோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

"பரவால்லண்ணே, செஞ்சிடுங்க," என்றான் அவன்.

தகட்டைச் சூடுகாட்டிச் சிறிது சிறிதாக மடக்க இரண்டு மணி நேரம் ஆனது. மோகனா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழற்றிய வளையங்களைக் குகன் பழைய இரும்போடு போடப் போனபோது, "அத அவங்ககிட்ட குடுத்துடுங்கண்ணே," என்றான் தினேஸ்வரன். அவள் கிரீஸோடு அவற்றை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஏறுங்க, ஓட்டிப் பாத்துடலாம்."

மோகனா பின்சீட்டில் உட்கார்ந்தாள். பட்டறைச் சந்தில் இருந்த வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. இடதுபக்கம் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

அவள் உடம்பு சட்டென்று நிமிர்ந்தது. "இதான்! இதே சத்தந்தான் தம்பி!"

"லேசாத்தான் இருக்கு. சிலர் இத அப்படியே விட்டுடுவாங்க."

"வேணாம் தம்பி. லேசாக்கூட வேணாம்."

குகன் அந்தப் பக்கத்தை மறுபடியும் மடக்கினான். இந்தத் தடவை கார் ஓசையில்லாமல் ஏறி இறங்கியது. அவள் இன்னொரு தடவை போகச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது முறை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே நிம்மதியாத் தூங்கலாம்லா," என்றான் குகன். அவள் கும்பிட்டாள்.

கார் மஸ்ஜித் தானாவுக்குத் திரும்பியது. தாமான் குடியிருப்பின் நுழைவாயிலில் தினேஸ்வரன் வேகத்தைக் குறைத்தான்.

"ஆன்ட்டி, ஒங்க வீட்டு வாசல்லயே விடட்டா?"

"வேணாம்பா. இந்த முனையிலயே எறக்கி விடு. நான் வீட்டுக்குள்ள போனப்புறம், எப்பவும் போல ஏழு மணிக்கு வா. ஒனக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்."

"இதுல என்னா ஆன்ட்டி தொந்தரவு? மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

மோகனா வீட்டுக்குள் போனதும், அதுவரை துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு மலர்விழி கிளம்பிப் போனாள். கூடத்தில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கணவர் அப்புசாமிக்குத் தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுத்தாள் மோகனா. சன்னலோரம் போய் நின்றாள்.

ஏழு மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. வாசலில் இருந்த வேகத்தடையில் மெல்ல ஏறியது. இறங்கியது. போய்விட்டது.

அப்புசாமி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "யுகேந்திரன் இன்னும் வேல விட்டு வரலியா?" என்றார்.

"இன்னிக்கு ஓவர்டைமாம். லேட்டாவும். நீங்க சாப்பிடுங்க."

"சரி, அவனுக்குக் கறி எடுத்து வை."

"வச்சிட்டேன்," என்றாள் மோகனா.

யுகேந்திரன் டெங்கிக் காய்ச்சலில் இறந்து எட்டு மாதமாகிவிட்டது, காரையும் தினேஸ்வரனுக்கு விற்றாயிற்று. தினமும் ஏழு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டதும் வாசல் கேட்டைத் திறக்க ஓடி, "ஏன் நிக்காமப் போறான்?" என்று கேட்டு, அவன் செத்துப்போன செய்தியை அன்றுதான் கேட்பவர் போலத் தினமும் தரையில் விழுந்து கதறிய அந்த மறதி நோய்க்காரர், அன்று சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார்.